ஸ்டாருக்குப் பிறகு இடைவெளி இல்லை: முனையக் குறிப்புகளை வாங்கவும் கொடுக்கவும் பழகுவோம்

ஒரு சனிக்கிழமை ராத்திரி. என் சித்தி மகன் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு கோப்புறையில் வேண்டாத உரைக் கோப்புகள் குவிந்துவிட்டன, ஒவ்வொன்றாக அழிக்கச் சோம்பலாக இருக்கிறது, ஒரே அடியில் அழிக்க வழி உண்டா என்று போனில் கேட்டான். நானும் சாப்பிட்டுக்கொண்டே, "ஆர்எம் போடு, ஒரு ஸ்பேஸ், அப்புறம் ஸ்டார்... டாட் டிஎக்ஸ்டி, என்டர்" என்றேன். இரண்டு நொடி சத்தமே இல்லை. பிறகு, "அண்ணா, டாட் டிஎக்ஸ்டின்னு ஒரு ஃபைலே இல்லைன்னு சொல்லுது."

எனக்குத் தோசை தொண்டையில் நின்றுவிட்டது. 'ஸ்டார்' என்று சொல்லிவிட்டு நான் ஒரு வாய் மென்றிருக்கிறேன். அந்த இடைவெளியையும் அவன் சேர்த்தே தட்டிவிட்டான். 'ஆர்எம் *.டிஎக்ஸ்டி' என்றால் அந்த வாலோடு முடிகிற கோப்புகளை மட்டும் அழி என்று பொருள். 'ஆர்எம் * .டிஎக்ஸ்டி' என்றால் இங்கே இருக்கிற அத்தனை கோப்பையும் அழி, அப்படியே '.டிஎக்ஸ்டி' என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதையும் அழி என்று பொருள். கணினி முதல் வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு, இரண்டாவது கோப்பு கிடைக்கவில்லையே என்று மட்டும் புகார் சொல்லியிருக்கிறது. அவனுடைய கல்லூரி ப்ராஜெக்ட் அறிக்கையும் அந்தக் கோப்புறையில்தான் இருந்தது. முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், ஆர்எம் போட்டு அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது. போனது போனதுதான்.

நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "முதலில் எல்எஸ் *.டிஎக்ஸ்டி போடு. என்ன பட்டியல் வருதுன்னு எனக்குப் படிச்சுக் காட்டு." எல்எஸ் எதையும் அழிக்காது, பெயர்களைக் காட்டும், அவ்வளவுதான். இடைவெளி தவறி விழுந்திருந்தால் ப்ராஜெக்ட் அறிக்கையின் பெயரும் பட்டியலில் வந்து எங்கள் இருவரையும் முறைத்திருக்கும். பட்டியல் சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி, எல்எஸ்ஸை மட்டும் ஆர்எம் என்று மாற்றினால் போதும்.

லினக்ஸ், பிஎஸ்டி பக்கம் புதிதாக வருகிறவர்கள் முனையத்தைக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இப்படிப் பிறர் கொடுக்கும் ஒருவரிக் குறிப்புகளால்தான். கொஞ்ச நாளில் அவர்களே கொடுக்கவும் ஆரம்பித்துவிடுவார்கள். வாங்குவதிலும் கொடுப்பதிலும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். என்னிடம் இருக்கிற பழக்கத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். 'எல்எஸ்' என்றால் எல், எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். எல்லாமே சிற்றெழுத்து, பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். ஹைஃபன், ஸ்டார், செங்குத்துக் கோடு போன்ற குறிகளை அப்படியே போட்டிருக்கிறேன். ஆகவே இங்கிருந்து எதையும் நகலெடுத்து ஒட்ட முடியாது. நீங்களே எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். புதியவருக்கு அது நல்லதுதான். விரல் மெதுவாகப் போகும்போது கண் கூடவே படிக்கும்.

கட்டளைகள் ஏன் இப்படி இரண்டெழுத்தாகச் சுருங்கிக் கிடக்கின்றன என்று கேட்பீர்கள். லினக்ஸுக்கும் பிஎஸ்டிக்கும் முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளம் 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தபோது திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம் காகிதத்தில் அடித்துக் காட்டும். அந்தக் காலத்தில் பரவலாக இருந்த மாடல் 33 நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். விசையும் கனமாக இருக்கும். அந்த நிலைமையில் யார் 'காப்பி' என்று நான்கு எழுத்து அடிப்பார்கள்? 'சிபி' ஆயிற்று. 'மூவ்' என்பது 'எம்வி' ஆயிற்று. இயந்திரம் போய்விட்டது, சுருக்கம் தங்கிவிட்டது.

முதல் வேலை: உங்களிடம் ஓடுவது எது?

குறிப்பு கேட்பதற்கு முன்னால் உங்கள் கணினியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 'லினக்ஸ்' என்று மட்டும் சொன்னால், ஊர் கேட்டவரிடம் 'இந்தியா' என்று சொன்ன மாதிரி. முனையத்தைத் திறங்கள், உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். இதைத் தட்டுங்கள்:

கேட் /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ்

கேட் என்பது சி, ஏ, டி. இடிசி என்பது ஈ, டி, சி. ஓஎஸ்-ரிலீஸ் என்பதில் கடைசிச் சொல்லை ஆங்கிலத்தில் முழுதாக எழுதுங்கள். பத்துப் பதினைந்து வரி வரும். முதல் சில வரிகளிலேயே பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். அப்புறம் 'எக்கோ $0' என்று போட்டால் எந்த ஷெல்லில் (நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டுகிற நிரலில்) இருக்கிறீர்கள் என்பது தெரியும். பெரும்பாலும் பாஷ் என்று வரும். காளி லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இசட்எஸ்எச் வரலாம்.

ஏன் இந்த விசாரணை? மென்பொருள் நிறுவும் கட்டளையையே எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டு, டெபியன் வழிவந்த நம் நாட்டு பாஸ் லினக்ஸ் ஆகியவற்றில் அது ஏபிடி. ஃபெடோராவில் டிஎன்எஃப். ஆர்ச்சில் பேக்மேன். ஃப்ரீபிஎஸ்டியில் பிகேஜி. இது வெளிப்படையான வித்தியாசம், தப்பாகப் போட்டால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று வந்துவிடும், ஆபத்தில்லை. மறைமுகமான வித்தியாசங்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. கோப்புக்குள் சொல்லை மாற்றும் 'செட்' (எஸ், ஈ, டி) என்ற கட்டளைக்கு '-ஐ' என்று ஓர் ஆப்ஷன் உண்டு. கோப்பை நேரடியாகத் திருத்து என்று பொருள். லினக்ஸில் இருக்கும் ஜிஎன்யூ செட் அதோடு நிறுத்திக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டி செட்டோ, '-ஐ'க்குப் பிறகு பழைய கோப்பைப் பத்திரப்படுத்த ஒரு பின்னொட்டையும் எதிர்பார்க்கும். நீங்கள் கொடுக்காவிட்டால் அடுத்து வருகிற சொல்லையே பின்னொட்டாக எடுத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத ஒரு பிழையைக் காட்டும். குறிப்பு கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் அது ஓடுகிறது.

வயதும் ஒரு வித்தியாசம்தான். பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் விதத்தில் டெபியனும் உபுண்டுவும் 2015இல் சிஸ்டம்டிக்கு மாறின. அதற்கு முந்தைய குறிப்புகளில் பாதி இன்று பழைய பஸ் கால அட்டவணை மாதிரி. பிணைய முகவரி பார்க்க 'ஐஎஃப்கான்ஃபிக்' போடு என்று இன்னமும் சொல்கிறார்கள். புதிதாக நிறுவிய உபுண்டுவில் அது இருக்காது, 'ஐபி ஏ' என்றுதான் போட வேண்டும். ஆகவே ஒரு குறிப்பு கிடைத்தால் எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

கையில் வந்த குறிப்பைப் பிரித்துப் பார்ப்பது

சரி, ஒரு குறிப்பு கிடைத்துவிட்டது. வன்தட்டு நிரம்பிவிட்டது, எந்தக் கோப்புறை இடத்தை அடைக்கிறது என்று கேட்டீர்கள், ஒருவர் இதைக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம்:

டியூ -எச் -டி 1 | சார்ட் -எச்

என்டரைத் தட்டும் முன் நடுவில் இருக்கிற செங்குத்துக் கோட்டைப் பாருங்கள். எல்லோரும் பைப் என்பார்கள். டக் மெக்கில்ராய் பல ஆண்டு வலியுறுத்திய யோசனை இது. 1973இல் கென் தாம்ப்சன் யூனிக்ஸில் சேர்த்தார். இடப்பக்கம் வெளிவருவதை வலப்பக்கத்துக்கு ஊற்றும் குழாய். குழாயைப் பார்த்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடப்பக்கத்தை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

'டியூ' (டி, யூ; இந்த டி டெல்லியின் டி) என்பது எது எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று சொல்வது. அழிக்காது, மாற்றாது, கணக்கு மட்டும் சொல்லும். அதை எப்படி உறுதி செய்வது? 'மேன் டியூ' என்று தட்டுங்கள். எம், ஏ, என். மேனுவல் என்பதன் சுருக்கம். யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது, அந்த மரபு இன்றும் ஓடுகிறது. கையேட்டுப் பக்கம் நீளமாக இருக்கும், முழுக்கப் படிக்கத் தேவையில்லை. / விசையை அழுத்தி, தேட வேண்டியதைத் தட்டி என்டர் போட்டால் அங்கே போய் நிற்கும். வெளியே வர க்யூ விசை. இதைச் சொல்லாமல் விட்டால் உள்ளே மாட்டிக்கொண்டு முனையத்தையே மூடிவிடுவார்கள். நானும் மூடியிருக்கிறேன்.

கையேட்டில் '-எச்' என்றால் அளவைக் கே, எம், ஜி என்று மனிதர் படிக்கிற மாதிரி காட்டு என்று இருக்கும். '-டி 1' (இதுவும் டெல்லியின் டி) என்றால் ஒரு படி ஆழம் மட்டும் போ. இப்போது இடப்பக்கத்தை ஓட்டினால் கோப்புறைப் பெயர்கள் தாறுமாறான வரிசையில் வரும். அடுத்து குழாயையும் சேர்த்து ஓட்டுங்கள். 'சார்ட்' (எஸ், ஓ, ஆர், டி) என்பது வரிசைப்படுத்துவது. அதில் '-எச்' எதற்கு? அதை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். 900எம் கீழேயும் 2ஜி மேலேயும் வந்து நிற்கும், ஏனென்றால் 2 என்ற எழுத்து 9க்கு முன்னால் வருகிறது. '-எச்' போட்டால்தான் எம்முக்கும் ஜிக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் புரியும். பெரியது கடைசியில் வரும், கண்ணுக்கு நேராக.

இப்படி ஒரு குறிப்பைப் பிரிக்க ஐந்து நிமிடம் ஆகலாம். ஆனால் ஒன்றைப் பிரித்தவருக்கு டியூ, சார்ட், பைப், மேன் நான்கும் கையில் வந்துவிடுகின்றன. ஐம்பது குறிப்பை ஒட்டி ஓட்டியவருக்கு ஐம்பதாவதிலும் ஒன்றும் வந்திருக்காது.

இன்னொரு சிறு விவரம். இதே வேலைக்கு '--மேக்ஸ்-டெப்த்=1' என்று நீளமாகவும் குறிப்புகளில் பார்ப்பீர்கள். அது ஜிஎன்யூவுக்கு உரியது. '-டி 1' லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓடும். நீங்கள் கொடுக்கிற இடத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் ஓடுவதைக் கொடுங்கள்.

ஒட்டுவதில் இருக்கும் வில்லங்கம்

எவ்வளவு சொன்னாலும் ஒட்டத்தான் போகிறீர்கள். அதையாவது ஒழுங்காகச் செய்யலாம்.

முனையத்தில் கன்ட்ரோலும் சியும் சேர்ந்தால் நகலெடுப்பது ஆகாது, ஓடிக்கொண்டிருக்கிற வேலையை நிறுத்துவது ஆகும். நகலெடுக்கவும் ஒட்டவும் கூடவே ஷிஃப்டையும் அழுத்த வேண்டும். அடுத்து, குறிப்புகளில் வரியின் தொடக்கத்தில் ஒரு டாலர் குறி இருக்கும். அது கட்டளை இல்லை. 'இது சாதாரணப் பயனராக ஓட்ட வேண்டியது' என்பதற்கான அடையாளம். அதையும் சேர்த்து ஒட்டினால் டாலர் என்ற கட்டளை இல்லை என்று வரும். அந்த இடத்தில் # குறி இருந்தால் ரூட் பயனராக, அதாவது கணினி முழுவதற்கும் அதிகாரம் உள்ளவராக, ஓட்ட வேண்டியது என்று பொருள். அதைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

அதே # குறி நமக்கு ஒரு பாதுகாப்பும் தருகிறது. பாஷில் வரியின் தொடக்கத்தில் #ஐத் தட்டிவிட்டு, அதன் பிறகு ஒட்டுங்கள். அந்த வரி வெறும் குறிப்பாகிவிடும், என்டர் விழுந்தாலும் ஓடாது. நிதானமாகப் படித்துவிட்டு, ஹோம் விசையை அழுத்தி #ஐ அழித்துவிட்டு ஓட்டலாம். ஒரு வரிக்கு மட்டும்தான் இது காப்பு. பல வரி இருந்தால் இரண்டாம் வரியிலிருந்து ஓடிவிடும். வலைப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை மறைத்து வைத்து, நகலெடுக்கும்போது அதையும் கூட அனுப்புகிற வித்தை உண்டு. 2020 டிசம்பரில் வந்த பாஷ் 5.1 முதல், ஒட்டியது எத்தனை வரியானாலும் என்டருக்காகக் காத்திருக்கும்படி இயல்பாகவே அமைத்துவிட்டார்கள். உங்கள் கணினியில் இருப்பது பழைய பாஷ் என்றால், முதலில் ஒரு உரைத் திருத்தியில் ஒட்டிப் பார்ப்பதே நல்லது.

எப்போது கையை எடுக்க வேண்டும்

பயமுறுத்த நீளமான பட்டியல் போட விருப்பமில்லை. ஆனால் சிலவற்றைக் கண்டால் ஒரு வினாடி விசைப்பலகையிலிருந்து கையை எடுங்கள்.

'சூடோ' (எஸ், யூ, டி, ஓ) என்று தொடங்கினால், இது கணினி முழுவதற்குமான அதிகாரத்தோடு ஓடப்போகிறது. பல கணினிகளில் முதல் தடவை சூடோ போட்டதும் அது ஒரு சின்ன அறிவுரை சொல்லும். அதில் ஒன்று, தட்டும் முன் யோசி. பிறகு கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, நட்சத்திரம்கூட வராமல் இருக்கலாம். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், தட்டி முடித்து என்டர் போடுங்கள்.

'ஆர்எம் -ஆர்எஃப்' என்பது உள்கோப்புறைகளோடு, கேள்வி கேட்காமல் அழி. புதியவர்களை வேடிக்கை பார்க்க 'சூடோ ஆர்எம் -ஆர்எஃப் /' என்று கொடுப்பவர்கள் இருந்திருக்கிறார்கள். ஜிஎன்யூ ஆர்எம் இப்போது வெறும் / கொடுத்தால் மறுத்துவிடும். ஆனால் சாய்வுக்குப் பின்னால் ஒரு ஸ்டார் சேர்ந்தால் அந்தக் காவல் வேலை செய்யாது, ஏனென்றால் ஸ்டாரை விரித்துப் பெயர்களாக மாற்றுவது ஷெல். ஆர்எம்மின் கைக்கு வரும்போது அது வெறும் பெயர்ப் பட்டியல். முதலில் சொன்ன எங்கள் அண்ணன் தம்பி கதையில் நடந்ததும் இதுதான்.

'டிடி' என்று தொடங்கி 'ஓஎஃப்=/டெவ்/' என்று போனால் அது ஒரு வன்தட்டின் மேலேயே எழுதப் போகிறது. பென்டிரைவில் உபுண்டு ஏற்றச் சொல்லித் தரும் குறிப்புகளில் இது சகஜம். ஒரே ஓர் எழுத்து மாறினால் பென்டிரைவுக்குப் பதில் உங்கள் வன்தட்டு. அதற்கு முன் 'எல்எஸ்பிஎல்கே' போட்டு எது எத்தனை ஜிபி என்று பார்த்து, உங்கள் பென்டிரைவின் அளவோடு பொருந்துவதை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'சிஎச்மாட் -ஆர் 777' என்பதை (இந்த ஆர் பெரிய எழுத்து) அனுமதிப் பிரச்சினை எதற்கும் சர்வரோக நிவாரணியாகக் கொடுப்பார்கள். அது வீட்டுப் பூட்டு சரியாக இல்லையென்று கதவையே கழற்றி வைப்பது. இணையத்திலிருந்து இறக்கும் 'கர்ல்' எடுத்து வந்ததை நேராக 'சூடோ பாஷ்' என்ற குழாயில் ஊற்றச் சொன்னால், முதலில் கோப்பாக இறக்கிப் படித்துப் பாருங்கள்.

கோப்பு தேடும் 'ஃபைண்ட்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் சொற்களின் வரிசை மாறினாலே விபத்து. ஃபைண்ட் தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் பார்க்கும். '-நேம்' முதலில், '-டிலீட்' கடைசியில் இருந்தால் பெயர் பொருந்துவதை மட்டும் அழிக்கும். '-டிலீட்' முதலில் வந்தால் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். ஆகவே '-டிலீட்' இல்லாமல் ஒரு தடவை ஓட்டி, பட்டியலைப் பார்த்துவிட்டு, மேல் அம்புக்குறி போட்டு வரியின் கடைசியில் சேருங்கள்.

உலர் ஓட்டம் என்று சில கட்டளைகளிலேயே வசதி இருக்கிறது. கோப்புகளை ஒத்திசைக்கும் 'ஆர்சிங்க்'குக்கு '-என்', 'ஏபிடி'க்கு '-எஸ்'. செய்யாமல், செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லும். எதுவும் இல்லாவிட்டால் கட்டளைக்கு முன்னால் 'எக்கோ' போடுங்கள். 'எக்கோ ஆர்எம் *.டிஎக்ஸ்டி' என்றால் ஸ்டார் எந்தெந்தப் பெயராக விரிகிறது என்று அச்சிட்டுக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

இப்போது நீங்கள் கொடுக்கிற பக்கம்

ஒரு மாதம் போனதும் உங்களையும் யாராவது கேட்பார்கள். கேட்கும்போது நினைவில் இருக்காது. ஆகவே உங்களுக்கு வேலை செய்த கட்டளைகளை ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி வையுங்கள். கட்டளைக்கு மேலே, ஏன் தேவைப்பட்டது என்று தமிழில் ஒரு வரி. எழுத மறந்தால் கன்ட்ரோல், ஆர் அழுத்தி நினைவிருக்கும் துண்டைத் தட்டினால், நீங்கள் முன்பு போட்ட கட்டளை மேலே வரும். முனையத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விசை அதுதான். முதல் நாளிலேயே யாராவது சொல்லியிருந்தால் பல மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

கொடுக்கும்போது நான்கு விஷயம் சேர்த்துக் கொடுங்கள் என்பேன்: எந்த இயங்குதளத்தில் ஓட்டிப் பார்த்தது, என்ன செய்யும், ஓட்டும் முன் எப்படிச் சரிபார்ப்பது, தப்பானால் எப்படித் திரும்புவது. திரும்ப வழியில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அந்தச் சனிக்கிழமை நான் கொடுத்ததில் இரண்டாவது மட்டும்தான் இருந்தது.

அனுப்புகிற வழியிலும் கண் வேண்டும். நம் ஊரில் பாதிக் குறிப்புகள் வாட்ஸ்அப்பில்தான் போகின்றன. வாட்ஸ்அப்புக்கு ஸ்டார் என்றால் தடித்த எழுத்து. 'எல்எஸ் *பில்*' என்று அனுப்பினால், போய்ச் சேரும்போது இரண்டு ஸ்டாரும் கண்ணுக்குத் தெரியாது, 'பில்' என்ற சொல் தடிமனாகியிருக்கும். இரண்டு அடிக்கோட்டுக்கு நடுவில் இருப்பது சாய்வெழுத்தாகும், இரண்டு டில்டாவுக்கு நடுவில் இருப்பது அடித்த எழுத்தாகும். வழி என்னவென்றால், கட்டளைக்கு முன்னும் பின்னும் மும்மூன்று பேக்டிக் குறி போடுவது. கணினி விசைப்பலகையில் 1 என்ற விசைக்கு இடப்பக்கம் இருக்கும் சின்ன சாய்வுக் குறி அது. அப்போது எழுதியது எழுதியபடி போகும்.

போனின் விசைப்பலகை அடுத்த எதிரி. முதல் எழுத்தைத் தானே பெரிதாக்கிவிடும், லினக்ஸுக்குப் பெரிய எல்லும் சிறிய எல்லும் வேறு வேறு. சில போன்கள் நேரான மேற்கோள் குறியை வளைத்துவிடும், இரண்டு ஹைஃபனை ஒரு நீளக் கோடாக ஒட்டிவிடும். வளைந்த மேற்கோளை ஷெல் மேற்கோளாகவே மதிக்காது. கோப்புக்குள் சொல் தேடும் 'கிரெப்' (ஜி, ஆர், ஈ, பி) கட்டளையில் அதற்குள் இரண்டு சொல் இருந்தால், முதல் சொல் தேட வேண்டியது, இரண்டாவது சொல் கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கோப்பு இல்லையே என்று சொல்லும். அந்தப் பிழைச் செய்தியை உற்றுப் பார்த்தால் சொல்லின் வாலில் வளைந்த குறி தொங்கும். வேறு எங்கும் தேட வேண்டாம், வில்லன் அதுதான்.

போனில் சொல்லுவதாக இருந்தால் இடைவெளியை 'ஸ்பேஸ்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இடைவெளி கூடாத இடத்தில் 'ஒட்டி' என்று சொல்லுங்கள். 'ஸ்டார், ஒட்டி, டாட், ஒட்டி, டிஎக்ஸ்டி.' பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ஆனால் ப்ராஜெக்ட் அறிக்கை மிஞ்சும். பி, டி குழம்பினால் 'பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி' என்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ஓவும் பூஜ்யமும், சிறிய எல்லும் ஒன்றும், ஹைஃபனும் அண்டர்ஸ்கோரும் ஏமாற்றும் ஜோடிகள். அவன் தட்டியதை என்டருக்கு முன்னால் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டுக்கொண்டே சொல்லாதீர்கள்.

திரையைப் படம் பிடித்து அனுப்புவது எனக்குப் பிடிக்காது. அதிலிருந்து நகலெடுக்க முடியாது, தேடவும் முடியாது. பிழைச் செய்தியை எழுத்தாகவே அனுப்புங்கள், முழுதாக, உங்கள் வார்த்தையில் சுருக்காமல். 'ஏதோ பர்மிஷன்னு வருது' என்றால் நான் என்ன சொல்ல முடியும்? உங்கள் கணினி இடைமுகம் தமிழிலோ வேறு மொழியிலோ இருந்தால், கட்டளைக்கு முன்னால் 'எல்சி_ஆல்=சி' என்று சேர்த்து ஓட்டுங்கள் (இங்கே எல்லாம் பெரிய எழுத்து). பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வரும், பிறர் தேடிப் பார்க்க வசதி.

அனுப்பும் முன், கட்டளையிலேயே கடவுச்சொல் இருக்கிறதா, சர்வர் முகவரி இருக்கிறதா, உங்கள் பயனர் பெயர் பாதையில் தெரிகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இருந்தால் மாற்றிவிட்டு, மாற்றியதாகவும் சொல்லுங்கள். உபுண்டுவில் கட்டளைக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டுத் தட்டினால் அது வரலாற்றில் பதியாது. பாஷுக்கு அங்கே அப்படி அமைத்திருக்கிறார்கள். வேறு இடத்தில் அதை நம்பிவிட வேண்டாம்.

முதலில் பகிர ஒரு குறிப்பு

பயிற்சிக்கு, ஆபத்தே இல்லாத ஒன்றைத் தருகிறேன்:

பிரின்ட்எஃப் 'தமிழ்' | டபிள்யூசி -எம்

மேற்கோளுக்குள் இருப்பதைத் தமிழிலேயே தட்டுங்கள். டபிள்யூசி எண்ணிச் சொல்லும் கட்டளை. '-எம்' என்றால் எழுத்துகளை எண்ணு. நாம் எண்ணினால் மூன்று. அது 5 என்று சொல்லும், ஏனென்றால் மகரமும் அதன் இகரக் கொக்கியும் அதற்கு இரண்டு, ழகரமும் புள்ளியும் இரண்டு. '-எம்'முக்குப் பதில் '-சி' போட்டால் பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். பிரின்ட்எஃப்புக்குப் பதில் எக்கோ போட்டால் 16 வரும். அந்தக் கூடுதல் ஒன்று எங்கிருந்து வந்தது என்பதை மேன் பக்கத்தில் கண்டுபிடியுங்கள். சில முனையங்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். அது முனையம் வரைகிற விதம், உங்கள் கோப்பு கெடவில்லை.

என் தம்பிக்கு வருவோம். அறிக்கையை மின்னஞ்சலில் வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரு வாரம் முன் அனுப்பியிருந்தான், அதனால் ஒரு வார வேலையோடு போயிற்று. இரண்டு மாதம் கழித்து எனக்கே ஒரு குறிப்பு அனுப்பினான். 'உபுண்டுவில், க்னோம் மேசைத்தளத்தில் பார்த்தது' என்று ஆரம்பித்திருந்தான். ஆர்எம்முக்குப் பதில் 'ஜிஐஓ டிராஷ்' போட்டால் கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகும். திருப்பி எடுக்க வேண்டுமென்றால் கோப்பு மேலாளரில் குப்பைத்தொட்டியைத் திறந்து மீட்டெடுக்கலாம். தொட்டியைக் காலி செய்துவிட்டால் கிடைக்காது. முதலில் எல்எஸ் போட்டுப் பார்க்கவும். முன்னும் பின்னும் மும்மூன்று பேக்டிக். கடைசி வரியில், 'அண்ணா, சாப்பிட்டு முடிச்சிட்டு டிரை பண்ணுங்க.'